இரண்டாவது பொட்டலம்

செருப்பு காலில்தான் இருந்தது. குனிந்து பார்த்துத்தான் சுலோசனா அதைத் தெரிந்துகொண்டாள். இடது கால் இப்போதெல்லாம் எதையும் தானாகச் சொல்வதில்லை, கண்ணால் போய் விசாரித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் நரம்பு ஆபரேஷன் டாக்டர் அறைக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் சுவரோர நாற்காலி அவளுடையது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் பக்கிரிசாமி, பெரிய ஸ்கேன் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மின்சார வாரியத்தில் கம்பம் ஏறி ரிட்டயர் ஆன மனுஷர், இந்த உறையை மட்டும் எங்கேயும் கீழே வைப்பதில்லை, சாப்பிடும்போதுகூட மடியில்தான். இன்றைக்கு முடிவைச் சொல்ல வேண்டும். முடிவுதான் வந்தாயிற்றே. கோயிலில் ஆத்தா வெள்ளைப் பூ கொடுத்துவிட்டாள், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று உள்ளே போய்ச் சொன்னால் தீர்ந்தது. பஸ்ஸில் வரும்போதே அவர் சொல்லிவிட்டார்: “நீ ஒண்ணும் பேச வேணாம் சுலோ, டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்.” அவள் எங்கே பேசினாள்? முப்பது வருஷமாகப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், மைதானத்தில் அவள் ஒரு சத்தம் போட்டால் பள்ளிக்கூடமே அட்டென்ஷனில் நிற்கும். அந்தத் தொண்டை இந்த அறைக்குள் நுழைந்ததும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. கைப்பையின் பக்கவாட்டு ஜிப்பைக் கட்டைவிரலால் தடவினாள். அந்தப் பொட்டலம் அங்கேதான் இருக்கிறது. பிரிக்கவில்லை, பிரிக்கவும் போவதில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டாள். அவள் பெயர் இல்லை.

ஷூதான் ஏமாற்றியது. வருஷம் முழுக்க கேன்வாஸ் ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிகிறவளுக்குக் கால் மரத்துப்போவது எப்படித் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பும்போது எதிர்வீட்டு அம்மா, “டீச்சர், ஒத்தச் செருப்போட வர்றீங்களே” என்று சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் தெருமுனையில் செருப்பு தனியாகக் கிடக்கிறது, தார் ரோடு கொதிக்கிற வெயில், பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள், மாட்டியதும் தெரியவில்லை. அப்புறம் ஸ்கேன், அப்புறம் இந்த நாற்காலி. முதுகுத்தண்டின் வெளியே அல்ல, உள்ளேயே, நரம்புக்கு நடுவில் ஒரு கட்டி. டாக்டர் பெனடிக்ட் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். எடுத்தால் நடையைக் காப்பாற்றலாம். எடுக்கிறபோதே நடை போய்விடவும் செய்யலாம். எடுக்காமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், எத்தனை நாளில் என்று அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. “அவசரப்படாம யோசிச்சுட்டு வாங்கம்மா” என்றார், அவளைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் என்ன செய்தாள்? கணவரைப் பார்த்தாள். உடனே டாக்டரும் அவள் கணவரைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்த அறையில் பேச்சு இரண்டு ஆண்களுக்கு நடுவில் நடந்தது. கட்டி மட்டும் அவளுக்குள் இருந்தது. குற்றம் சொல்ல முடியாது, தலையைத் திருப்பியது அவள்தான். கடைக்குப் போனால் புடவை நிறத்தைக்கூட அப்படித்தான் எடுக்கிறாள், அவர் முகத்தில் சரி என்று வருகிறவரைக்கும் மடித்து மடித்து வைத்துக்கொண்டு.

புடவையை விடு, அன்றைக்கு டாக்டர் கேட்ட இன்னொரு கேள்வி இருக்கிறதே, அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. “யூரின், மோஷன் கண்ட்ரோல் எல்லாம் எப்படி இருக்கு?” அவள் வாயைத் திறப்பதற்குள், “அதெல்லாம் நல்லா இருக்கு சார், ஒரு குறையும் இல்ல” என்றார் பக்கிரிசாமி, வீட்டுக்கு வந்த சம்பந்தியிடம் சொல்வதுபோல. டாக்டர் எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு முந்தின வாரம்தான் அது நடந்திருந்தது. காலை பிரேயர், தேசிய கீதம், அவள் வரிசைக்கு முன்னால் விறைப்பாக நிற்கிறாள். தொடையில் ஈரம். வியர்வை என்றுதான் நினைத்தாள். வியர்வை இல்லை. கீதம் முடிகிறவரைக்கும் நகரக் கூடாது, எத்தனை பெண்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறாள், மயக்கம் வந்தாலும் முடிந்தபிறகு விழு என்று. நின்றாள். நல்லவேளை அன்றைக்குக் கருநீலப் புடவை. அதற்கப்புறம் இன்னொரு தடவையும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் வெட்கமா? வெட்கம்தான், அதை வேறு பெயர் சொல்லி மூட வேண்டாம். ஆனால் டாக்டர் தப்பான கணக்கை வைத்துக்கொண்டல்லவா யோசித்துக்கொண்டிருக்கிறார், அதை வைத்துத்தானே கத்தியை எடுப்பார். சொல்லிவிடு. எப்படிச் சொல்வது, இவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது? இவரை வெளியே போகச் சொல். முப்பத்திரண்டு வருஷத்தில் இவரை வெளியே போங்கள் என்று சொன்னதுண்டா. செருப்பு? இருக்கிறது.

“தண்ணி குடிக்கிறியா?” என்றார் பக்கிரிசாமி. வேண்டாம் என்று தலையசைத்தாள். தண்ணீரே இப்போதெல்லாம் அளந்துதான், வெளியே கிளம்பினால் காலையிலிருந்து நாக்கை நனைப்பதோடு சரி, அது இவருக்குத் தெரியாது. மாமியாருக்கும் இப்படித்தான். தண்ணீர் கேட்கவே மாட்டார். கட்டிலோடு கிடந்த கடைசி வருஷங்களில் சுலோசனாதான் எல்லாம் பார்த்தாள், பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை, வந்தபிறகு ஒருமுறை, துணி மாற்றி, துடைத்து, பவுடர் போட்டு. அந்தம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கண்ணை இறுக்கி மூடியிருப்பார், ஊசி போடுகிறபோது குழந்தைகள் மூடுவதுபோல. “பரவால்ல அத்தை, நான் உங்க மக மாதிரிதானே” என்று வாய் சொல்லும். ஊர் முழுக்க அவளைக் கொண்டாடியது. அவளுக்கு மட்டும்தான் தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைக்கும்போது மனசு என்ன சொல்லும் என்று. சீக்கிரம் போய்ச் சேரேன் என்று சொல்லும். சொல்லிவிட்டு உடனே பதறும். அந்தம்மாவுக்கு அது கேட்டிருக்கும், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதே அதைக் கேட்காமல் இருக்கத்தான். நாளைக்கு இவர் அவளைத் துடைப்பார். முகம் சுளிக்க மாட்டார், அன்பாகத்தான் செய்வார். அந்த அன்புக்குக் கீழே என்ன ஓடும் என்று அவளுக்குத் தெரியும், அவள் அங்கே நின்றிருக்கிறாள். அவளும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவர்கள் வீட்டில் அந்தச் சுவருக்குப் புதுசாகப் பெயின்ட்கூட அடித்தாயிற்று.

கால் போனால் என்ன, என்று முதல்முறையாக நினைத்தாள், நினைத்தபிறகு பயமாக இருந்தது. எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறார்கள். மஸ்கட்டிலிருந்து மகன் போன் செய்தால், “அம்மா நடந்துருவல்ல, நடந்துருவல்ல” என்பதுதான். கால், நடை, ஸ்டெப்ஸ் ஏறுவது. அவளுக்குப் பயம் அங்கே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆத்தாளும் கேட்கவில்லை. பூக்கட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்ததே பக்கிரிசாமிதான், தெருக்கோடி மாரியம்மன் கோயிலில், போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். அவளைக் குளிக்கச் சொல்லிவிட்டு அவரே வாசல் நந்தியாவட்டையிலும் செவ்வரளியிலும் பறித்தார், அவரே வாழை இலை நறுக்கில் வைத்து மடித்து, நாரால் கட்டினார். பூசாரி இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்தார், சாமி கும்பிட வந்த ஒரு குட்டிப் பெண் ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை. பக்கிரிசாமி அழுதுவிட்டார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லாம் சரி. அந்த இன்னொரு பொட்டலத்தை ஏன் அவ்வளவு வேகமாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார்? அதைப் படியிலேயே விட்டுவிட்டு வருவதுதானே வழக்கம். மறுநாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது அவள் கையில் அகப்பட்டது, அவர் மறந்தே போயிருந்தார். பிரித்துப் பார்த்திருக்கலாம், குழாயடியில் தனியாகத்தான் நின்றாள். பிரிக்காமல் கொண்டுவந்து கைப்பையில் வைத்தாள். அன்றிலிருந்து அது அவளோடு பள்ளிக்கு வருகிறது, மார்க்கெட்டுக்கு வருகிறது, இங்கேயும் வந்திருக்கிறது.

அதற்குள் சிவப்பு இருந்தால் ஆத்தா நிஜமாகவே சொல்லியிருக்கிறாள், வாயை மூடிக்கொண்டு ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியதுதான், ஆத்தாளுக்கு மேல் பேச இவள் யார். வெள்ளை இருந்தால்? இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டியிருந்தால் இந்த மனுஷர் சாமியையே ஏமாற்றியிருக்கிறார். எதற்கு? அவள் நடக்க வேண்டும் என்றா, இல்லை, கிடந்துவிட்டால் தான்தானே பார்க்க வேண்டும் என்றா? சீ, என்ன புத்தி இது, சோறு இறங்காமல் கிடக்கிறார், ஆளே பாதியாகிவிட்டார். ஆனால் அவளுக்கே வெட்கமாக இருந்தது, அந்த நினைப்பின் இன்னொரு மூலையில் ஒரு ஆசையும் உட்கார்ந்திருந்தது. ஏமாற்றியிருந்தால் தேவலை. அப்படியென்றால் ஒரு மனுஷனாவது அவளுக்காக உட்கார்ந்து யோசித்து, இதுதான் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறான். இரண்டு நிறமும் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவளைக் கொண்டுபோய் ஒரு குட்டிப் பெண்ணின் கையில் விட்டிருக்கிறார், அது மிட்டாய் எடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது. சரி, உனக்கு என்ன வேண்டும்? அவள் தன்னையே கேட்டாள்.  மாவட்ட ரிலே பைனலில் மாணவி பானுரேகாவைப் பாதியில் நிறுத்தியது ஞாபகம் வந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினாள், சுலோசனா டிராக்குக்குள்ளேயே போய் அவளைக் கட்டிப்பிடித்து இழுத்துவந்தாள். பிறகு அந்தக் கால் பிழைத்ததென்று டாக்டரே பாராட்டினார். பானுரேகா பள்ளியைவிட்டுப் போகிறவரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா மிஸ்?” ஓடுகிறவளை எப்படிக் கேட்பது? ஓடுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம்.

பக்கிரிசாமி எழுந்து, இன்னும் எத்தனை பேர் என்று கேட்கக் கதவருகே போனார், உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு. அவர் முதுகு தெரிந்தது. சட்டைக் காலருக்கு மேலே கழுத்து எலும்பெல்லாம் தெரிந்தது. அப்போதுதான் அவள் கை ஜிப்பை இழுத்தது, இழுக்கச் சொல்லி அவள் சொல்லவில்லை. இலை சருகாகியிருந்தது. நார் தொட்டதுமே இற்றுப்போனது.  பார்க்காதே. பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காதவளாக ஆக முடியாது. விரித்தாள். உள்ளே பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இதழ் என்று சொல்ல முடியாது, ஈரம் கண்டு அழுகிக் காய்ந்த பழுப்பு, மட்கிய வாசனை. நகத்தால் கீறிப் பார்த்தாள், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. அட கடவுளே, என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் சுமந்து திரிந்தது இதைத்தானா? சிரிப்பு வந்தது, கூடவே கால் நடுங்கியது, வலது கால் மட்டும். ஆத்தாளும் இல்லை, அவரும் இல்லை, கேட்பதற்கு இனி ஆளே இல்லை என்பது மெல்ல உறைத்தது. அவ்வளவு பெரிய வராந்தாவில் அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அப்படியே மடித்துப் பைக்குள் திணித்தாள். “சுலோசனா பக்கிரிசாமி” என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

உள்ளே ஏசி குளிர். டாக்டர் பெனடிக்ட் ஸ்கேனை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார், பழக்கப்படி அவர் கண் பக்கிரிசாமியிடம் போனது. “சொல்லுங்க சார், என்ன முடிவு பண்ணீங்க?” “பண்ணிரலாம் சார்,” என்றார் பக்கிரிசாமி, “கோயில்ல உத்தரவு கெடைச்சிருச்சு.” டாக்டர் தலையசைத்து ஏதோ எழுதக் குனிந்தார். பேனா. அதே பேனா. அது காகிதத்தைத் தொடுவதற்குள் சொல்ல வேண்டும். “டாக்டர்!” குரல் மைதானத்துக்குரிய அளவில் வந்துவிட்டது, வாசலில் நின்ற நர்ஸ்கூடத் திரும்பினாள். சுலோசனா குரலை இறக்கினாள். “அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, யூரின் கண்ட்ரோல் இருக்கான்னு. இவர் நல்லா இருக்குன்னு சொன்னாரு. நல்லா இல்ல டாக்டர்.”  “ரெண்டு தடவ ஆயிருச்சு. ஒரு தடவ பிரேயர்ல நிக்கும்போதே. வந்ததே தெரியல.” “சுலோ…” என்றார் பக்கிரிசாமி, அவர் பக்கம் அவள் திரும்பவில்லை, திரும்பினால் போயிற்று. “இவருக்குத் தெரியாது டாக்டர். நான் சொல்லல.” டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.  “உங்களத்தான் கேட்டிருக்கணும்மா,” என்றார் பிறகு. “தனியா உக்கார வெச்சுக் கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். நான் கால், நடைன்னே பேசிட்டிருந்தேன். உங்களுக்கு எதும்மா போகக் கூடாது?”

யாரும் கேட்காத கேள்வி வந்தபோது பதில் தயாராக இருந்தது, அதுதான் அவளுக்கு ஆச்சரியம். “நட போனா பரவால்ல டாக்டர். சக்கர நாற்காலியில உக்காந்துகூட விசில் ஊதலாம். என் அழுக்க இவர் அள்ளக் கூடாது.” பக்கிரிசாமிக்குக் கோபமே வந்துவிட்டது, “ஏன், நான் செய்ய மாட்டேனா? அப்படியா நெனச்சுட்ட என்னைய?” என்றார், குரல் உடைந்தது. “செய்வீங்க,” என்றாள் சுலோசனா. “அதான் பயம்.”  டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “உள்ளத சொல்றேம்மா. அந்தக் கண்ட்ரோல் இப்பவே போக ஆரம்பிச்சிருக்கு, சும்மா விட்டா இன்னும் போகும். ஆபரேஷன்லயும் போகலாம். ரெண்டுக்கும் என்னால உறுதி தர முடியாது. ஆனா நீங்க சொன்னதால ஒண்ணு மாறுது. முழுக் கட்டியவும் எடுத்துடணும்ங்கற எண்ணத்துலதான் நான் இருந்தேன். எடுக்கும்போது நரம்புல சிக்னல் பாத்துக்கிட்டே இருப்போம். நடுவுல சிக்னல் எறங்குச்சுன்னா நரம்பு அடிபடுதுன்னு அர்த்தம், அந்த எடத்துல நான் முடிவெடுத்தாகணும். அங்கேயே நிறுத்திட்டு மிச்சத்த விட்டுட்டு வர்றதா, இல்ல வந்தது வரட்டும்னு முழுசா எடுக்கறதா? நீங்க மயக்கத்துல இருப்பீங்க, அப்ப கேக்க முடியாது. அதனால இப்பவே கேக்கறேன்.” பக்கிரிசாமி வாயைத் திறந்தார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், தானாகத் திறந்தது. திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார், பதில் வேண்டிக் காத்திருக்கிற மாதிரி. அவர் அப்படிப் பார்த்து அவள் பார்த்ததில்லை. “மிச்சம் வெச்சா மறுபடி வளருமா டாக்டர்?” “வளரலாம். பல வருஷம் ஆகலாம், சீக்கிரமாவும் ஆகலாம். தெரியாதும்மா.” “வளந்தா?” “மறுபடி நீங்க இங்க வந்து உக்காருவீங்க. நாம மறுபடி பேசுவோம்.” டிராக்கின் நடுவில் நொண்டிக்கொண்டு ஓடுகிற பெண் இப்போது யார் என்று அவளுக்குத் தெரிந்தது.  பயம் போகவில்லை, ஒரு துளிகூடப் போகவில்லை. “பண்ணுங்க,” என்றாள். “சிக்னல் எறங்குச்சுன்னா நிறுத்திடுங்க.”

வெளியே வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். தேதியை நர்ஸ் எழுதிக் கொடுத்திருந்தாள். பக்கிரிசாமி நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார், திரும்பி விறுவிறுவென்று டாக்டர் அறைக்குள் போனார், வரும்போது கையில் அவளுடைய இடது கால் செருப்பு. ஸ்கேன் உறையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் பாதத்தைக் கையில் எடுத்தார். வராந்தா முழுக்க ஆட்கள், புருஷன் காலைப் பிடிப்பதாவது, இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தாள். பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணை அவர் உள்ளங்கையால் தட்டிவிட்டார், விரலை ஒவ்வொன்றாக வாருக்குள் நுழைத்தார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கை சூடா, குளிர்ச்சியா, எதுவுமே தெரியவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொள்ளவில்லை. அவர் நிமிரவே இல்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சுலோ, அன்னிக்குக் கோயில்ல… அந்த இன்னொரு பொட்டலம் இருக்குல்ல, அதுல நான்…” சுலோசனா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள், மைதானத்தில் வரிசையை நிறுத்துகிற கை. “சொல்லாதீங்க.” “இல்ல, நீ தெரிஞ்சுக்கணும்னுதான்…” “வேணாங்க. என்ன பூவா வேணா இருக்கட்டும்.” அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். “தண்ணி பாட்டில் எங்க? தாகமா இருக்கு.”